எஞ்சின் பெல்ட்டை எவ்வளவு டைட் வைக்க வேண்டும்? புதிதாகக் கை வைப்பவர்களுக்கு

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து 'கிறீச்' என்று ஒரு சத்தம். இரண்டு மூன்று விநாடியில் அடங்கிவிடும். மறுநாளும் அதே கதை. ஒரு வாரம் போனால் ஹெட்லைட் போட்டாலும் கத்தும், ஏசி போட்டாலும் கத்தும். இந்தக் கட்டத்தில் பலர் ஸ்பேனரை எடுத்து, சத்தம் நிற்கும்வரை பெல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். சத்தமும் நின்றுவிடும். சில மாதம் கழித்து வாட்டர் பம்ப் ஒழுகும்போது, அந்தக் காலை வேலைக்கும் இந்த ஒழுகலுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது.

முதன்முதலில் நான் டைட் செய்த பெல்ட்டும் அப்படித்தான் இருந்தது. விரலால் சுண்டினால் தந்தி மாதிரி 'டிங்' என்றது. எனக்கு ஒரே பெருமை. கொஞ்ச நாளில், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் உறுமத் தொடங்கியது. கழற்றி புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தபோது, உள்ளே மணல் அரைபடுவதுபோல பேரிங் கரகரத்தது. அன்றிலிருந்து நான் பெல்ட்டைக் காதால் டைட் செய்வதில்லை, ஸ்கேல் வைத்து அளந்துதான் செய்கிறேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்த அளக்கும் பழக்கத்தைப் பற்றியதுதான்.

பெல்ட் எப்படிப் பிடிக்கிறது

எஞ்சினின் முன்பக்கம் கீழே இருப்பது கிராங்க் புல்லி. அது சுற்றும்போது பெல்ட் வழியாக ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டியரிங் பம்ப் எல்லாம் சுற்றும். எல்லா வண்டியிலும் இவை அத்தனையும் இருக்காது. ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்கும் வண்டிகளில் பம்ப்பே கிடையாது. சில எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட் ஓட்டும்.

டைமிங் பெல்ட் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூடிக்குள் மறைந்து, உள்பக்கம் பல் பல்லாக இருப்பது அது. வெளியே தெரியும் பெல்ட்டுகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். டைமிங் பெல்ட்டில் ஒரு பல் தவறினாலும் எஞ்சினின் நேரக்கணக்கு குலைந்துவிடும். பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் அளவுக்குப் போகும். முதல் பாடத்துக்கு அது வேண்டாம்.

வெளிப் பெல்ட்டுகளுக்குப் பல் கிடையாது, உராய்வை நம்பியே ஓடுகின்றன. பெல்ட்டின் ஒரு பக்கம் இழுபட்டு விறைப்பாகவும், மறுபக்கம் சற்றுத் தளர்ந்தும் இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் புல்லியைச் சுழற்றும் விசை. தளர்ந்த பக்கம் அளவுக்கு மேல் தொய்ந்தால் பிடி விட்டு பெல்ட் வழுக்கும். முதலில் வழுக்குவது பெரும்பாலும் ஆல்டர்னேட்டரில்தான். அதன் புல்லி சின்னது, கிராங்க்கைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகச் சுற்றுவது. பெல்ட் அதைத் தழுவும் பரப்பும் குறைவு. காலையில் மட்டும் கத்துவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து உறிஞ்சியதைத் திருப்பி நிரப்ப, முதல் சில நிமிடம் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் வேலை செய்யும். கூடவே இரவுப் பனியின் ஈரம் பெல்ட்டில் படிந்திருக்கும்.

பெல்ட்டில் இரண்டு சாதி உண்டு. பழையது வி பெல்ட். குறுக்கே வெட்டிப் பார்த்தால் கீழே குறுகி ஆப்பு போல இருக்கும்; 1917-ல் அமெரிக்காவின் டென்வரில் ஜான் கேட்ஸ் உருவாக்கியது என்பார்கள். இந்த ஆப்பு வடிவத்தில்தான் விஷயமே இருக்கிறது. பெல்ட் புல்லியின் பள்ளத்தில் இறங்கி, தன் இரண்டு பக்கச் சுவரால் கவ்விக்கொள்ளும். அடிப்பாகம் புல்லியின் அடியைத் தொடவே கூடாது. தேய்ந்து தேய்ந்து அடியைத் தொட்டுவிட்ட வி பெல்ட்டை எவ்வளவு டைட் செய்தாலும் வழுக்கத்தான் செய்யும். அடையாளம் சுலபம்: நல்ல பெல்ட்டின் மேல்முகம் புல்லியின் விளிம்போடு சமமாகவோ, ஒரு நூல் மேலேயோ இருக்கும். பள்ளத்துக்குள் மூழ்கிக் கிடந்தால் மாற்ற வேண்டியதுதான். புல்லியின் அடிப்பள்ளம் கண்ணாடி போலப் பளபளத்தாலும் அதே அர்த்தம்.

மற்றது ரிப் பெல்ட். தட்டையாக, அகலமாக, உள்பக்கம் நீளவாக்கில் வரி வரியாக இருக்கும். இப்போதைய கார்களில் ஒரே ரிப் பெல்ட் பாம்பு போல வளைந்து வளைந்து எல்லாப் புல்லியையும் சுற்றி வருவது சாதாரணம். அதன் முதுகில் 6பிகே1750 என்பதுபோல ஒரு எண் அச்சடித்திருக்கும். 6 என்பது வரிகளின் எண்ணிக்கை, பிகே என்பது வரியின் அளவு வகை, 1750 என்பது மில்லிமீட்டரில் நீளம். புது பெல்ட் வாங்கும்போது இந்த எண்ணை ஒத்துப் பாருங்கள். "கிட்டத்தட்ட இதே சைஸ்தான்" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

உங்கள் வண்டியில் எந்த ஏற்பாடு?

ஸ்பேனர் எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்றுதான் இருக்கும்.

ஆல்டர்னேட்டரோ வேறு ஏதாவது ஒரு யூனிட்டோ ஒரு போல்ட்டில் கீல் போலத் தொங்கி, மறுமுனை வளைந்த பட்டையில் நீளத்துளை வழியாக இன்னொரு போல்ட்டால் பிடிக்கப்பட்டிருந்தால், அது கையால் டைட் செய்யும் ஏற்பாடு. சிலவற்றில் கூடவே ஒரு நீள போல்ட் இருக்கும். அதைத் திருகினால் ஆல்டர்னேட்டர் மெல்ல நகரும். வேறு சிலவற்றில் ஆல்டர்னேட்டர் அசையாது, நடுவில் உள்ள ஐட்லர் புல்லிதான் (எதையும் ஓட்டாமல் பெல்ட்டைத் தாங்க மட்டும் இருப்பது) நகரும். எப்படியிருந்தாலும் வேலை ஒன்றுதான்.

சின்ன கை ஒன்றின் நுனியில் வழவழப்பான புல்லி, கையின் அடியில் ஸ்பிரிங் அடங்கிய உருண்டை — இப்படி இருந்தால் அது ஆட்டோ டென்ஷனர். இதில் நீங்கள் டைட் செய்ய எதுவும் இல்லை. சோதிக்க மட்டும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டும் இல்லையா? அப்படியானால் இழுத்து மாட்டும் வகை எலாஸ்டிக் பெல்ட். ரப்பர் வளையம் போலத் தானே விறைப்பைத் தாங்கிக்கொள்ளும். தளர்ந்தால் மாற்றுவது மட்டுமே வழி, அதற்கும் தனிக் கருவி வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

எஞ்சின் ஆஃப், சாவி உங்கள் பாக்கெட்டில். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் எடுக்கும் அளவு தப்பாகத்தான் வரும், கையும் சுடும். ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடும் வண்டிகளில், சூடாக இருந்தால் எஞ்சின் நின்ற பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கலாம். சட்டைக் கையை மடித்துவிடுங்கள், கழுத்தில் தொங்குவதைக் கழற்றுங்கள், நீளமான முடியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். இதைப் பலர் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் தடிமனான ஒயர் ஒன்று போல்ட் போட்டு மாட்டியிருக்கும்; சாவி எடுத்த பிறகும் அதில் பேட்டரியின் மின்சாரம் நேராக நின்றுகொண்டிருக்கும். நீங்கள் நெம்பும் இரும்புக் கம்பி ஒரு முனையில் அதையும் மறுமுனையில் எஞ்சினையும் தொட்டால் வெல்டிங் அடித்தது போலத் தீப்பொறி பறக்கும். என் ரிங் ஸ்பேனர் ஒன்றின் விளிம்பில் அரைப் பயறு அளவுக்கு உருகிய பள்ளம் இன்னும் இருக்கிறது.

டைட் செய்யுமுன் பெல்ட்டைப் பாருங்கள்

தளர்ந்த பெல்ட் எல்லாம் டைட் செய்யத் தகுதியானது இல்லை. பெல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பி உள்முகத்தைப் பாருங்கள். தெரியாத பகுதிக்குக் கிராங்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவிட்டு, முழு நீளத்தையும் பார்த்துவிடுங்கள்.

பக்கச் சுவர் மெழுகு தடவியதுபோல மினுமினுத்தால் அது ஏற்கெனவே வழுக்கி வழுக்கிக் கருகியது. டைட் செய்தால் இரண்டு நாள் அமைதியாக இருக்கும், பிறகு மறுபடி கத்தும். ஓரம் நூல் பிரிந்திருந்தால், ஒரு வரி பிய்ந்திருந்தால், பேச்சே இல்லை, மாற்றுங்கள்.

வெடிப்பு விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய நியோப்ரீன் ரப்பர் பெல்ட்டுகள் வயதானால் குறுக்கே வெடிக்கும். வரியில் ஓர் அங்குல நீளத்துக்குள் மூன்று நான்கு வெடிப்பு தெரிந்தால் ஆயுள் முடிந்தது என்பது பழைய கணக்கு. ஆனால் இப்போது வரும் ரிப் பெல்ட்டுகள் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். அவை லேசில் வெடிக்காது. கார் டயர் போல மெல்ல மெல்லத் தேயும். பார்வைக்குப் புதிது போலவே இருக்கும், ஆனால் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் அகன்று, புல்லியின் மேடு அடிவரை போய் உட்கார்ந்திருக்கும். "வெடிப்பே இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவது இங்கே தப்பாகும். இதற்கென்றே பிளாஸ்டிக் அளவுகோல் விற்கிறது. கிடைத்தால் வரியில் வைத்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அதே எண்ணுள்ள புது பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எண்ணெயோ கூலண்ட்டோ பட்டு ஊறிப்போன பெல்ட்டைத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள். முதலில் ஒழுகலை அடைத்துவிடுங்கள், புல்லிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள், பிறகு புது பெல்ட். பெல்ட் கத்தாமல் இருக்க அடிக்கும் ஸ்ப்ரேக்களும் எனக்கு உடன்பாடு இல்லை. அவை ஒட்டும் பிசின் மாதிரி. சத்தத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும், தூசியைச் சேர்க்கும்.

கடைசியாக நேர்கோடு. பக்கவாட்டில் நின்று, ஒரு கண்ணை மூடிப் புல்லிகளை ஒரே வரிசையில் பாருங்கள். ஒன்று மட்டும் முன்னாலோ பின்னாலோ தள்ளியிருந்தால் பெல்ட் சாய்ந்து ஏறி இறங்கும். நேரான பட்டை ஒன்றை இரண்டு புல்லிகளின் முகத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், விளிம்பின் தடிமன் இரண்டிலும் ஒன்றாக இருந்தால். இந்தக் கோளாறு எவ்வளவு டைட் செய்தாலும் போகாது.

அளப்பது

பெல்ட்டின் எந்தப் பகுதியில், எவ்வளவு அழுத்தினால், எவ்வளவு தாழ வேண்டும் என்பதை வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும். அதுதான் கடைசி வார்த்தை. கையால் டைட் செய்யும் வி பெல்ட்டுகளுக்குப் பல கையேடுகளில் வருவது, 10 கிலோ அழுத்தத்தில் 8 முதல் 12 மில்லிமீட்டர் தாழ்வு என்ற மாதிரி. ரிப் பெல்ட்டுகளுக்கு இதைவிடக் குறைவாக இருக்கும். இரண்டு புல்லிகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் தாழ்வும் கூடும். அதனால் ஒரு வண்டியின் எண்ணை இன்னொரு வண்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

10 கிலோ அழுத்தம் என்றால் எவ்வளவு? புதிதாகச் செய்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதா? அதை மேசைமேல் வைத்து, முள் 10-ஐக் காட்டும்வரை கட்டைவிரலால் அழுத்துங்கள். நினைத்ததைவிடக் கூடுதலாக இருக்கும், நகம் வெளுத்துப்போகும். பத்து முறை செய்தால் விரலுக்கு அந்த அளவு பழகிவிடும். அந்த நினைவோடு பெல்ட்டுக்குப் போங்கள்.

கையேடு குறிப்பிட்ட இரண்டு புல்லிகளின் மேல், பெல்ட்டின் முதுகோடு ஒட்டி நேரான பட்டை ஒன்றை வையுங்கள். ஸ்டீல் ஸ்கேலே போதும், எட்டவில்லை என்றால் நேரான மரச்சட்டம். சரியாக நடுவில் கட்டைவிரலால் அழுத்தி, பட்டைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று சின்ன ஸ்கேலால் படியுங்கள். ஒருமுறை எடுத்தால் போதாது. கிராங்க்கைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி எடுங்கள். பெல்ட் வேறு இடத்தில் நின்றிருக்கும். இரண்டு அளவும் ரொம்ப வேறுபட்டால் பெல்ட் ஒரே சீராகத் தேயவில்லை, அல்லது புல்லி ஏதோ ஒன்று ஆடுகிறது.

நடுவில் பிடித்துக் கால் சுற்றுக்கு மேல் திரும்பக் கூடாது என்று ஒரு சுருக்குவழியும் உண்டு. நடுவழியில், கையில் எதுவும் இல்லாதபோது பார்க்க உதவும். அதை வைத்து டைட் செய்வது சரிவராது. விரல் பலம் ஆளுக்கு ஆள் மாறும்.

பெல்ட்டைச் சுண்டி, அது அதிரும் அதிர்வெண்ணை அளக்கும் கருவிகளும் உண்டு. சில கையேடுகள் ஹெர்ட்ஸ் கணக்கிலேயே அளவைக் கொடுத்திருக்கும். இதைப் பயன்படுத்தினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: விறைப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். அதிர்வெண் 10 சதவீதம் கூடினால் விறைப்பு 21 சதவீதம் கூடிவிட்டது என்று அர்த்தம். "ரெண்டு மூணு ஹெர்ட்ஸ்தானே" என்று விட்டுவிட முடியாது.

டைட் செய்வது

1. கீல் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். அரைச் சுற்று, முக்கால் சுற்று போதும். ஆல்டர்னேட்டர் கனமாக, ஆனால் தடங்கல் இல்லாமல் அசைய வேண்டும். இதைத் தொடாமல் மேல் போல்ட்டை மட்டும் தளர்த்தி நெம்புபவர்கள் நிறைய. வளைவது ஆல்டர்னேட்டரைப் பிடித்திருக்கும் பட்டை, சில நேரம் ஆல்டர்னேட்டரில் போல்ட் நுழையும் காது உடைந்தே போகும்.

2. நீளத்துளையில் உள்ள பூட்டு போல்ட்டையும் அதேபோலக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

3. நகர்த்தும் போல்ட் இருந்தால் வேலை இனிமை. அரை அரைச் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். கடைசித் திருகல் டைட் செய்யும் திசையிலேயே முடிய வேண்டும். அளவைத் தாண்டிவிட்டால் கால் சுற்று மட்டும் பின்வாங்கி விட்டுவிடாதீர்கள். ஒரு முழுச் சுற்று தளர்த்தி, ஆல்டர்னேட்டரைக் கையால் தள்ளி உட்காரவைத்து, மறுபடி டைட் செய்துகொண்டே அளவுக்கு வாருங்கள். மரையில் உள்ள இடைவெளி அப்போதுதான் ஒரு பக்கமாக அடைபட்டிருக்கும். இல்லாவிட்டால் ஓட்டத்தில் மெல்லத் தளரும்.

4. நகர்த்தும் போல்ட் இல்லாவிட்டால் நெம்ப வேண்டும். இரும்புக் கம்பியைவிடச் சுத்தியலின் மரக் கைப்பிடி எனக்குப் பிடிக்கும். நழுவினாலும் எதையும் கிழிக்காது. ஒரு முனை எஞ்சின் பிளாக்கில், மறுமுனை ஆல்டர்னேட்டரின் முன்பக்கத் தடித்த உடலில். பின்பக்க மூடி மெல்லிய வார்ப்பு, விரிசல் விடும். பவர் ஸ்டியரிங் பம்ப் என்றால் எண்ணெய்த் தொட்டியில் நெம்பவே கூடாது. ஏசி குழாய்மேல் கம்பியைச் சாய்க்கவும் கூடாது.

5. நெம்பிப் பிடித்தபடியே பூட்டு போல்ட்டை டைட் செய்யுங்கள். இன்னொருவர் இருந்தால் ஒருவர் நெம்ப, ஒருவர் ஸ்பேனர் பிடிக்கலாம். பிறகு அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் கீல் போல்ட்டையும் டைட் செய்துவிட்டு, இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

அந்த இன்னொரு முறைதான் முக்கியம். பூட்டு போல்ட்டின் தலை டைட் ஆகும்போது பட்டையையும் கூடவே இழுத்துக்கொண்டு ஒரு மயிரிழை நகரும். பெல்ட்டில் அது இரண்டு மில்லிமீட்டராகத் தெரியும். 10 என்று விட்ட அளவு, எல்லாம் டைட் செய்து முடித்தபின் 8 ஆகியிருக்கும். இரண்டு மூன்று முறை செய்தால் உங்கள் வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பிடிபடும். அதற்கேற்பக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தலாம்.

ஆல்டர்னேட்டர் நீளத்துளையின் கடைசிவரை வந்துவிட்டது, பெல்ட் இன்னும் தொய்கிறது என்றால், அந்த பெல்ட் நீண்டுவிட்டது அல்லது யாரோ தப்பான நீளத்தில் மாட்டிவிட்டார்கள். மேற்கொண்டு நெம்புவதில் பயன் இல்லை.

புது பெல்ட் என்றால்

கழற்றும் முன் பெல்ட் எந்த வழியாகப் போகிறது என்று போனில் ஒரு படம் எடுங்கள். பானெட்டின் அடியில் வரைபட ஸ்டிக்கர் இருந்தால் நல்லது, பல வண்டிகளில் கிழிந்துபோயிருக்கும். ஒரே புல்லியில் இரண்டு வி பெல்ட் ஜோடியாக ஓடினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நீண்டுபோன பழையதோடு புதியதை மாட்டினால் பாரம் முழுக்கப் புதியதன் தலையில் விழும்.

மாட்டும்போது ஸ்க்ரூடிரைவரால் புல்லி விளிம்பில் ஏற்றிச் சுற்றிவிடும் பழக்கம் வேண்டாம். உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. ஆல்டர்னேட்டரை முழுக்கத் தளர்த்தினால் கையாலேயே ஏறும். ரிப் பெல்ட் என்றால் எல்லா வரியும் எல்லாப் பள்ளத்திலும் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு புல்லியிலும் விரலால் தடவிப் பாருங்கள், குறிப்பாக அடியில் கண்ணுக்குத் தெரியாத கிராங்க் புல்லியில். ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்தால் ஓரம் ஒரு வரி வெளியே தொங்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் அது நூல் நூலாகக் கிழிந்து எல்லாவற்றையும் சுற்றிக்கொள்ளும்.

புது பெல்ட் முதல் சில நிமிடத்திலேயே பள்ளத்தில் இறங்கி, கொஞ்சம் நீண்டும் கொடுக்கும். அதனால்தான் கையேட்டில் புது பெல்ட்டுக்கு ஒரு அளவும், ஓடிய பெல்ட்டுக்கு ஒரு அளவும் இருக்கும். புதியதற்குத் தாழ்வு குறைவு, அதாவது டைட் கூடுதல். ஐந்து பத்து நிமிடம் ஓடிவிட்டாலே அது ஓடிய பெல்ட் கணக்குத்தான். எஞ்சினை அவ்வளவு நேரம் ஓட்டி, ஆறவிட்டு, ஓடிய பெல்ட் அளவை வைத்துச் சரிபாருங்கள். 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை. இந்த இரண்டாவது முறையைத் தவறவிட்டுத்தான் "புது பெல்ட் போட்டும் கத்துது" என்று பலர் வருகிறார்கள்.

ஆட்டோ டென்ஷனர் உள்ளவர்களுக்கு

எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, தள்ளி நின்று டென்ஷனரின் கையைப் பாருங்கள். லேசாக நடுங்குவது இயல்பு. தாளம் போடுவதுபோல முன்னும் பின்னும் நன்றாக ஆடினால் உள்ளே அதிர்வை அடக்கும் பகுதி போய்விட்டது. எஞ்சினை நிறுத்தி, அதற்கான இடத்தில் ஸ்பேனர் மாட்டிக் கையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஸ்பிரிங் ஒரே சீராக எதிர்த்து, விட்டதும் ஒரே சீராகத் திரும்ப வேண்டும். நடுவில் சிக்கினாலும், தொளதொளவென்று இருந்தாலும் டென்ஷனரை மாற்றுங்கள். எந்தத் திசையில் திருப்புவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். கொஞ்சமாக முயன்று, பெல்ட் தளரும் திசையைக் கண்டுபிடியுங்கள். பலத்தைப் போட்டால் உடைந்துவிடும்.

பல டென்ஷனர்களின் உடலில் இரண்டு கோடும் ஒரு முள்ளும் இருக்கும். முள் கோடுகளுக்கு நடுவில் இருந்தால் சரி, வெளியே போயிருந்தால் பெல்ட் நீண்டுவிட்டது. கைக்கு முட்டுக் கொடுப்பது, ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுவது எல்லாம் வேண்டாம்.

சத்தம் சொல்வது

இழுத்துக் கத்தும் 'கிறீ...' வழுக்கலின் சத்தம். 'கீச் கீச் கீச்' என்று எஞ்சின் வேகத்தோடு சீராக வருவது பெரும்பாலும் புல்லிகள் நேர்கோட்டில் இல்லாததன் சத்தம். சந்தேகம் இருந்தால் ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்து, எஞ்சின் ஓடும்போது, கையும் துணியும் எட்டாத தூரத்திலிருந்து பெல்ட்டின் உள்முகத்தில் லேசாக அடியுங்கள். சத்தம் சட்டென்று நின்று, உலர்ந்ததும் திரும்ப வந்தால் நேர்கோட்டைப் பாருங்கள். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் விறைப்பு போதவில்லை, அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது.

உறுமல், கரகரப்பு என்றால் பெல்ட்டை விட்டுவிட்டு பேரிங்கைத் தேடுங்கள். பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினால் குற்றவாளி மாட்டிக்கொள்ளும். வாட்டர் பம்ப்பின் அடியில் சின்னக் கசிவுத் துளை ஒன்று இருக்கும். அதைச் சுற்றி கூலண்ட் காய்ந்த தடம் தெரிந்தால் உள்ளே சீல் போய்க்கொண்டிருக்கிறது. பெல்ட் அளவுக்கு மேல் இறுகி பேரிங் ஆடத் தொடங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வேலை முடிந்ததும் பேட்டரி ஒயரை மாட்டி, எஞ்சினை ஓட்டி, ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியில் வைத்துப் பாருங்கள்; பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். லோடு ஏறும்போது கத்தாமல், வோல்ட்டும் 13-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் நல்லது.

ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் பெல்ட்டை அழுத்திப் பார்த்து, கிலோமீட்டரையும் தாழ்வையும் ஒரு வரியில் எழுதி வைப்பது என் வழக்கம். '42,300 – 9 மி.மீ.', '47,500 – 10', '52,400 – 14'. கடைசி எண்ணைப் பார்த்ததும் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். என் வண்டியில் அது கீல் போல்ட் தளர்ந்திருந்தது. மாற்றிய பழைய பெல்ட் கிழியாமல் இருந்தால் டிக்கியில் போட்டு வைக்கிறேன், கூடவே அந்த இரண்டு போல்ட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர். பெல்ட் நடுவழியில் அறுந்தால் பக்கத்து ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்க்க அது போதும்.